கத்தி வைப்பதற்கு முன் ஒரு படம்

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மிளகு. வீட்டுப் பூனை என்று சொன்னால் முழு உண்மையாகாது. மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருக்கும் தெருவில் நான்கைந்து வீடுகள் அவளைத் தங்கள் பூனை என்று நினைத்துக்கொண்டிருந்தன. ஐப்பசி மாதத்தில் ஒரு ராத்திரி, மழை விட்டதும் வந்தவள் வழக்கம்போல சமையலறைப் பக்கம் போகவில்லை. நேராகச் செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே போய்ச் சுருண்டு படுத்தாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டாலே ஆபத்து என்பது அன்று எனக்குத் தெரியாது. விடிவதற்குள் உயிர் போய்விட்டது. உடம்பில் காயம் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வாயோரத்தில் மட்டும் கொஞ்சம் நுரை.

நுரையைப் பார்த்ததும் எங்கள் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான்: விஷம். கீழ் வீட்டில் அந்த வாரம்தான் எலி மருந்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டு மாமியிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே, ஒரு அட்டைப்பெட்டியில் மிளகைத் துணி சுற்றி வைத்துக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவும் கூட வந்தாள்.

"அறுத்துப் பாத்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

"செத்ததுக்கு அப்புறமும் அதைப் போட்டு வெட்டணுமா தம்பி?" என்றாள் அம்மா.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரிம்மா, வெட்ட வேண்டாம். முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாப்போம்" என்றார். செத்த பூனைக்கு எக்ஸ்ரேயா என்று எனக்கு விசித்திரமாக இருந்தது. பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் திரையில் படம் வந்தது. மிளகு பக்கவாட்டில் படுத்திருந்தாள், எலும்பும் நிழலுமாக. டாக்டர் பேனா நுனியால் திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார். "இங்க ஒரு கோடு இருக்கணும். காணோம் பாருங்க."

எந்தக் கோடு, ஏன் காணோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கே சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இறந்த விலங்கை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது பற்றி அதற்குப் பிறகு நான் படித்ததும் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

எக்ஸ்ரேயில் இருந்து ஆரம்பிப்போம். மொட்டை மாடிக் கொடியில் ஒரு வேட்டியும் ஒரு ஜமக்காளமும் காய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டி வழியாக வெயில் பாதிக்கு மேல் கடந்து வந்துவிடும், தரையில் விழும் நிழல் வெளிறித் தெரியும். ஜமக்காளத்தின் நிழல் கறுப்பாக இருக்கும். எக்ஸ்ரே கதிர் உடம்புக்குள் போகும்போதும் இதுதான் நடக்கிறது. காற்று நிரம்பிய நுரையீரல் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. தசையும் ரத்தமும் கொஞ்சம் தடுக்கும். எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் நிறையத் தடுக்கும், ஈயக் குண்டு கிட்டத்தட்ட முழுசாகத் தடுத்துவிடும். படத்தில் நிறம் தலைகீழாக இருக்கும், அவ்வளவுதான். தடுத்த இடம் வெள்ளை, கடந்து வந்த இடம் கறுப்பு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வேட்டிக்குப் பின்னால் ஒரு துண்டும் காய்ந்தால், தரையில் விழுவது இரண்டும் சேர்ந்த ஒரே நிழல். எது முன்னால், எது பின்னால் என்று நிழலைப் பார்த்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயும் அப்படித்தான். விலா எலும்பு, இதயம், முதுகெலும்பு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிடும். அதனால்தான் பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்தி ஒன்று என்று குறைந்தது இரண்டு படமாவது எடுக்கிறார்கள்.

இறந்த விலங்கைப் படம் எடுப்பது ஏதோ நேற்று வந்த யோசனை என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த சில மாதங்களுக்குள், 1896-லேயே, வியன்னாவில் எடர், வாலென்டா என்ற இருவர் எக்ஸ்ரே படங்களைத் தொகுத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அதில் மனிதக் கை, கால் படங்களோடு தவளை, மீன், பாம்பு, பச்சோந்தி எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு முள்ளும் தெரிகிற மாதிரி அவ்வளவு துல்லியம். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் கதிர் விழ வேண்டும். அதுவரை ஆடாமல் அசையாமல் கிடப்பது யார்?

சிடி ஸ்கேனின் கதை இன்னும் நெருக்கமானது. அதை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, இங்கிலாந்தில் ஈஎம்ஐ நிறுவனத்தில் எஞ்சினியராக இருந்தவர். அவருடைய முதல் சோதனைக் கருவிக்கு ஒரு படம் எடுக்க 9 நாட்கள் ஆனது. முதலில், உறுப்புகள் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறிய மனித மூளையை வைத்துப் பார்த்தார். படம் நன்றாக வந்தது. ஆனால் ஃபார்மலினே திசுக்களின் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்று பிறகு தெரிந்தது. அப்புறம்தான் புதிதாக வெட்டிய மாட்டின் மூளையைக் கொண்டுவந்து வைத்துச் சரிபார்த்தார். பன்றி உடலின் துண்டுகளையும் வைத்துப் பார்த்தார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1979-ல் ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டால் ஓடிப்போய் எடுக்கிறோமே ஒரு சிடி, அது வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி சொன்னவற்றில் ஒன்று, பெயர் தெரியாத ஏதோ ஒரு மாட்டின் மூளை. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சிடி என்ன செய்கிறது? வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்குகிறோம் இல்லையா, அது போல உடலைக் கத்தி இல்லாமல் வில்லைகளாக நறுக்கிக் காட்டுகிறது. கதிர்க்குழாய் உடலைச் சுற்றிச் சுழன்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் நிழல்களைப் பதிவு செய்கிறது. அத்தனை நிழல்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, உள்ளே எந்தப் புள்ளியில் எவ்வளவு அடர்த்தி என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. இன்றைய கருவிகளில் ஒரு வில்லை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் கிடைக்கும். வில்லைகளை அடுக்கினால் முழு உடலும் திரும்ப வந்துவிடும். அதைக் குறுக்கே, நெடுக்கே, சாய்வாக, எப்படி வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் ஒட்டிவிட்டு மறுபடி வெட்டலாம். நிஜக் கத்தியால் முடியாத காரியம் இது.

அந்த அடர்த்தியை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரிலேயே அந்த அலகு இருக்கிறது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100-ஐ ஒட்டி வரும். தசை 50 பக்கம், உறைந்த ரத்தம் 60-இல் இருந்து 80. எலும்பு சில நூறில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். உலோகம் பல ஆயிரம். நெஞ்சறைக்குள் ஏதோ திரவம் தேங்கியிருக்கிறது என்றால், அது வெறும் நீரா, ரத்தமா என்பதை இந்த எண்ணை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம்.

எம்ஆர்ஐ வேறு வழி. அதில் எக்ஸ்ரே கதிரே இல்லை. பெரிய காந்தமும் ரேடியோ அலைகளும் உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜனைத் தட்டிக் கேட்கின்றன. ஈரமான, மெத்தென்ற உறுப்புகள், அதாவது மூளை, தண்டுவடம், தசை போன்றவை அதில் அழகாகத் தெரியும். ஆனால் உடம்பு குளிர்ந்தால் படத்தின் சாயலே மாறிவிடும், உறைந்துவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. இறந்த விலங்குகளுக்கு நடைமுறையில் அதிகம் பயன்படுவது எக்ஸ்ரேயும் சிடியும்தான்.

படம் எடுப்பவர்களைப் பொறுத்தவரை இறந்த உடல் ஒரு விதத்தில் சுலபம். உயிருள்ள நாய்க்கோ பூனைக்கோ சிடி எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். மூச்சு விடும்போது நெஞ்சு அசையும், இதயம் துடிக்கும், படம் கலங்கும். கதிர் அளவையும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இறந்த உடலுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. வேண்டிய அளவு கதிர், வேண்டிய நேரம், வேண்டிய தடவை எடுக்கலாம்.

கஷ்டம் வேறு இடத்தில் வருகிறது, இந்தத் துறையின் முக்கால்வாசித் திறமையும் அங்கேதான் வேண்டியிருக்கிறது. மரணமே உடலுக்குள் சில படங்களை வரைந்துவிடுகிறது. அவற்றை நோய் என்றும் காயம் என்றும் எடுத்துக்கொண்டால் எல்லாமே தப்பாகிவிடும்.

முதலாவது, ரத்தம். இதயம் நின்றதும் ரத்தம் ஓடாது, ஆனால் கனம் போய்விடாது. உடல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் மெல்ல மெல்ல வடிந்து இறங்கும். வலது பக்கமாகக் கிடந்த நாயின் வலது நுரையீரல் படத்தில் வெளுத்துத் தெரியும். உயிருள்ள நாய்க்கு அப்படி ஒரு படம் வந்தால் நிமோனியா என்று சந்தேகப்படுவார்கள். இங்கே அது வெறும் தேங்கிய ரத்தம். ஆகவே படம் பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எந்தப் பக்கம் படுத்திருந்தது, யாராவது திருப்பிப் போட்டீர்களா?" என்பது. மிளகை நான் பெட்டியில் வைத்தபோது எந்தப் பக்கமாக வைத்தேன் என்று டாக்டர் கேட்டார். அப்போது அது எனக்கு அர்த்தமில்லாத கேள்வியாகத் தோன்றியது.

இரண்டாவது, காற்று. குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு நாம் இறந்த செய்தி தெரியாது. அவை வேலையைத் தொடரும், காற்றை உண்டாக்கும். அந்தக் காற்று குடல் சுவர், ஈரல், ரத்தக் குழாய், கடைசியில் இதயத்துக்குள்ளும் போய்ச் சேரும். சிடியில் இது கறுப்புக் கறுப்பாகப் பளிச்சென்று தெரியும். நுரையீரல் கிழிந்து ரத்தக் குழாய்க்குள் காற்று புகுந்தாலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். எது எது என்று பிரிக்க, காற்று எங்கெல்லாம் இருக்கிறது, மற்ற உறுப்புகள் எவ்வளவு அழுகியிருக்கின்றன, இறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இந்தக் கடிகாரம் ரொம்ப வேகமாக ஓடும். குளிர்தேசத்தில் இரண்டு நாளில் வரும் மாற்றம் சித்திரை மாதச் சென்னையில் ஒரே பகலில் வந்துவிடலாம். குளிர்நாட்டுப் படங்களை வைத்துப் படித்துவிட்டு இங்கே வந்து அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

மூன்றாவது, உறைதல். யாரோ நல்ல எண்ணத்தில் உடலை ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். உடம்பில் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி விரியும், திசுக்கள் கிழியும், மண்டையோட்டில்கூட விரிசல் விழலாம். பிறகு படம் எடுத்தால் தலையில் அடிபட்டதா, பனி உடைத்ததா என்ற சந்தேகம் வந்துவிடும்.

இப்போது மிளகிடம் வருகிறேன். டாக்டர் தேடிய கோடு உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே தடுப்புச் சுவர் போல இருக்கும் தசை அது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கறுப்பு நுரையீரலுக்கும் சாம்பல் நிற ஈரலுக்கும் நடுவில் வளைந்த விளிம்பாகத் தெரிய வேண்டும். மிளகின் படத்தில் அந்த வளைவு பாதியில் நின்றுபோயிருந்தது. அதற்கு மேலே, இதயத்தின் பக்கத்தில், சின்னச் சின்னக் காற்றுக் குழாய்கள் வளைந்து வளைந்து தெரிந்தன. குடல். வயிற்றில் இருக்க வேண்டிய குடல், கிழிந்த தசை வழியாக நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. நுரையீரல் விரிய இடமே இல்லை. அதனால்தான் அவள் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்திருக்கிறாள்.

"வண்டி மோதியிருக்கு" என்றார் டாக்டர். வயிற்றில் சட்டென்று பலமான அழுத்தம் விழும்போது, உள்ளே உறுப்புகள் மேலே தள்ளி, உதரவிதானம் கிழியும். வெளியே தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். என் முகத்தில் சந்தேகம் தெரிந்திருக்க வேண்டும். அவர் பெட்டியில் இருந்து மிளகின் முன்னங்காலை மெதுவாக எடுத்து, விரலை அழுத்தி நகத்தை வெளியே கொண்டுவந்து காட்டினார். பூனை நகம் ஊசி போல இருக்கும். மிளகின் நகங்கள் நுனி தேய்ந்து, நார் நாராகப் பிரிந்திருந்தன. வண்டி அடித்து இழுத்தபோது தார் ரோட்டை அவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருக்கிறாள். பூனைகளில் இது வண்டி மோதியதற்கு நன்றாகத் தெரிந்த ஓர் அடையாளமாம். எக்ஸ்ரேயில் வராத விஷயம் அது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பிறகு அவர் அம்மாவிடம் கேட்டார். "அம்மா, எங்க பாக்கணும்னு இப்ப தெரிஞ்சு போச்சு. ரெண்டு அங்குலம் மட்டும் திறந்து உறுதி பண்ணிக்கட்டுமா? தைச்சே குடுத்துடறேன்." அம்மா தலையசைத்தாள். படத்தில் பார்த்ததுதான் உள்ளேயும் இருந்தது. கீழ் வீட்டு மாமியிடம் நான் கேட்க அடுக்கி வைத்திருந்த ஒரு வார்த்தையையும் கேட்கவில்லை. அவரிடம் அந்த எக்ஸ்ரே படத்தை மட்டும் காட்டினேன். அவர்தான் அழுதார்.

படம் கத்தியின் வேலையைப் பறிக்க வந்ததல்ல, கத்தி எங்கே போக வேண்டும் என்று வழி சொல்ல வந்தது. இதுதான் நான் புரிந்துகொண்டது. சில இடங்களில் கத்தியைவிடப் படம் கெட்டி. நெஞ்சறையில் நுரையீரலுக்கு வெளியே காற்று அடைத்திருந்தால், கத்தி பட்டதும் அது புஸ்ஸென்று போய்விடும், சாட்சியும் போய்விடும். படத்தில் அது பத்திரமாக இருக்கும். வழக்கமான பிரேதப் பரிசோதனையில் முகம், கால், முதுகெலும்பு இவற்றையெல்லாம் முழுக்கப் பிரித்துப் பார்ப்பது அரிது. அங்கே இருக்கும் மெல்லிய முறிவுகள் படத்தில்தான் சிக்கும். ஏர்கன் குண்டு மிளகுப் பருமன்தான் இருக்கும், ஒரு நாயின் தொடைத் தசைக்குள் அதைக் கத்தியால் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடும் கதை. எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகக் கண்ணில் அறையும். காட்டுப்பன்றிக்கு என்று வைக்கும் அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த வெடியைக் கடித்து யானையின் தாடை சிதறும்போது, எலும்பு எப்படிச் சிதறியிருக்கிறது என்பதைக் கையில் எடுத்துப் போகும் எக்ஸ்ரே கருவியால் பதிவு செய்ய முடியும். முழு யானையை சிடிக்குள் நுழைப்பது நடக்காது. சாதாரண சிடி கருவியின் வளையம் 70-இல் இருந்து 80 சென்டிமீட்டர் அகலம்தான், மாடே போகாது.

விலங்குகளைத் துன்புறுத்தும் வழக்குகளில் இன்னொரு உபயோகம் உண்டு. எலும்பு முறிந்தால் சேரும் இடத்தில் புது எலும்பு முண்டு கட்டும். அதன் வடிவத்தைப் பார்த்தால் முறிவு பழையதா புதியதா என்று தெரியும். ஒரே நாய்க்குட்டியின் விலா எலும்புகளில் சேர்ந்து முடிந்த முறிவு ஒன்று, சேர்ந்துகொண்டிருக்கும் முறிவு ஒன்று, புது முறிவு ஒன்று என்று இருந்தால், "மாடியில இருந்து தவறி விழுந்துடுச்சு சார்" என்ற ஒற்றை விளக்கம் நிற்காது. 2024 ஜூலையில் இருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் 5 ஆண்டு வரை தண்டனை கிடைக்கலாம். அந்த வழக்கில் வாய் பேச முடியாத சாட்சிக்காக அந்தப் படம் பேசும்.

படத்தால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். விஷம் படத்தில் தெரியாது. பிரோமாடியோலோன் வகை எலி மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும், அதனால் நெஞ்சுக்குள் ரத்தம் கசிந்து தேங்கும். தேங்கியது தெரியும், ஏன் தேங்கியது என்பதை ஈரல் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் சொல்ல முடியும். ரேபிஸ் படத்தில் தெரியாது, அதற்கு மூளைத் திசுவைச் சோதிக்க வேண்டும். கிருமித் தொற்று, இதயத் துடிப்புக் கோளாறு போன்றவையும் பெரும்பாலும் பிடிபடாது. பிளாஸ்டிக் பை விஷயத்தில்கூட ஏமாறலாம். தெருவில் மேயும் மாட்டின் வயிற்றில் இருக்கும் மெல்லிய பைகள் தீவனத்தோடு தீவனமாகக் கலந்துவிடும். நடுவே காற்று சிக்கிப் பந்தாகத் திரண்டால்தான் சந்தேகம் வரும்.

இறந்தவர்களை ஸ்கேன் எடுத்து ஆராய்வதை ஒரு முறையாக வளர்த்தவர்கள் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத் தடயவியல்காரர்கள். 1990-களின் கடைசியில் தொடங்கிய வேலை, அதற்கு விர்டாப்ஸி என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவில் 2021-ல் டெல்லி எய்ம்ஸில் மனிதர்களுக்கு இது வந்தது. உடலை அறுக்க வேண்டாம் என்ற குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அம்மா கேட்ட அதே கேள்விதான். விலங்குகளுக்கு இதைப் பெரிய அளவில் செய்கிற ஊர் ஹாங்காங். 2014-இல் இருந்து அங்கே கரை ஒதுங்கும் ஓங்கில்களையும் (டால்பின்) கடற்பன்றிகளையும் முதலில் சிடி எடுத்துவிட்டுத்தான் அறுக்கிறார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு நம் கடற்கரைதான் ஞாபகம் வந்தது. தை, மாசி மாதங்களில் பெசன்ட் நகரில் இருந்து நீலாங்கரை வரை விடியற்காலையில் நடந்திருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் அலையோரத்தில் செத்துக் கிடக்கும். 2025 ஜனவரியில் தமிழகக் கரையில், முக்கியமாகச் சென்னையை ஒட்டிய கடற்கரையில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. இழுவலையில் மாட்டி மேலே வந்து மூச்சு எடுக்க முடியாமல் போனால் இறந்துவிடும். காரணம் அதுதான் என்று எல்லோரும் சொல்கிறோம், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஆமையும் அப்படித்தான் செத்ததா? படகின் விசிறி அதன் முதுகு ஓட்டை வெட்டியதா, தூண்டில் முள் தொண்டையில் இருக்கிறதா? ஓட்டை அறுத்துத் திறப்பது லேசான வேலையில்லை. சிடிக்கு ஓடு ஒரு தடையே அல்ல. வளர்ந்த பங்குனி ஆமை 35 முதல் 50 கிலோ, ஓடு 60, 70 சென்டிமீட்டர். கருவிக்குள் போய்விடும்.

இங்கே ஒரு முக்கியமான கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் வலென்சியா பக்கம் வலையில் சிக்கி உயிரோடு வந்த பெருந்தலை ஆமைகளை ஆராய்ந்தவர்கள் 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வலையோடு சேர்த்து வேகமாக மேலே இழுக்கப்பட்ட ஆமைகளின் ரத்தக் குழாய்களில் காற்றுக் குமிழிகள் இருந்தன. காற்று சிலிண்டரோடு ஆழத்தில் மூழ்குபவர் சட்டென்று மேலே வந்தால் வரும் அதே கோளாறு. பார்க்க நன்றாக இருக்கிறது என்று கடலில் விட்ட ஆமைகூடச் சில மணி நேரத்தில் செத்துப்போகலாம் என்று அதற்கு அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க உதவியது படம்தான். ஆனால் இரண்டு நாள் வெயிலில் கிடந்த ஆமையில் அந்தக் குமிழியைத் தேட முடியாது, அழுகல் காற்று எல்லாவற்றையும் மூடிவிடும். செத்த அன்றே, ஐஸ் போட்டுக் கொண்டுபோய் எடுக்க வேண்டும். ஒரு பருவத்தில் இருபது ஆமைகளை நம் ஊரில் அப்படி எடுத்தால் போதும், வலையைப் பற்றிய பேச்சே வேறு மாதிரி இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூச்சு அடைத்துச் செத்ததைப் படம் எவ்வளவு காலம் கழித்தும் சொல்லும் என்பதற்கு ல்யூபா ஓர் உதாரணம். 2007-ல் சைபீரியாவில் கிடைத்த, மாமத் என்ற அழிந்துபோன யானை இனத்துக் குட்டி, சுமார் 42,000 ஆண்டுகள் உறைமண்ணில் கிடந்தது. டோக்கியோவில் சிடி எடுத்தபோது தும்பிக்கையிலும் மூச்சுக்குழாயிலும் சேறு அடைத்திருந்தது தெரிந்தது. பிறந்து ஒரு மாதம் ஆன குட்டி, சேற்றில் சிக்கி மூச்சு முட்டி இறந்திருக்கிறது. அருங்காட்சியகங்களில் சாராயப் புட்டிகளில் ஊறும் பாம்பும் தவளையும்கூட இப்போது இப்படிப் பார்க்கப்படுகின்றன. அமெரிக்க அருங்காட்சியகங்கள் சேர்ந்து 2017-க்கும் 2023-க்கும் நடுவில் 13,000-க்கும் அதிகமான விலங்கு மாதிரிகளை ஸ்கேன் எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கின்றன. புட்டியைத் திறந்து அறுக்காமலே பாம்பு கடைசியாக எதை விழுங்கியது என்று பார்த்துவிடலாம்.

உங்கள் வீட்டு விலங்கு காரணம் தெரியாமல் இறந்து, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றினால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். குளிப்பாட்ட வேண்டாம், நகத்தையும் வாயையும் துடைக்க வேண்டாம். எந்த நிலையில் கிடந்ததோ அதை போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் சுற்றி, சுற்றிலும் ஐஸ் பைகளை வையுங்கள், அல்லது குளிர்பெட்டியில் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம். அதே நாளில் மருத்துவரிடம் பேசுங்கள். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னை வேப்பேரியில் இருக்கிறது, உங்கள் பக்கத்து கிளினிக்கிலேயே எக்ஸ்ரே இருந்தாலும் போதும். ரேபிஸ் சந்தேகம் இருந்தால் வெறும் கையால் தொடவே கூடாது. மாடு, ஆடு திடீரென்று செத்து மூக்கிலோ வாயிலோ உறையாத ரத்தம் வடிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலை யாரும் திறக்கக் கூடாது, நகர்த்தவும் கூடாது. திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். காட்டு விலங்கோ ஆமையோ என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், தூக்கிக்கொண்டு வராதீர்கள், சட்டப்படி அது குற்றம்.

அப்புறம், படத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் அச்சடித்தது போதாது, கம்ப்யூட்டரில் உள்ள மூலப் பதிவையே கேளுங்கள். அறுத்துப் பார்த்த உடல் மண்ணுக்குப் போய்விடும், இன்னொருவர் இரண்டாவது தடவை பார்க்க முடியாது. படத்தைப் பார்க்கலாம். மிளகின் எக்ஸ்ரே என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான்கு வருடம் கழித்து, இந்தக் கட்டுரைக்காக, வேறொரு கால்நடை மருத்துவரிடம் அதைக் காட்டினேன். உதரவிதானத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கி, பின்பக்கம் ஒரு விலா எலும்பில் இருந்த சின்ன முண்டைக் காட்டினார். "இது பழைய முறிவு, தானா சேர்ந்திருக்கு. இதுக்கு முன்னாடியும் ஒரு தடவை அடிபட்டிருக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

எங்களுக்குத் தெரியாது. நான்கைந்து வீட்டில் யாருக்கும் தெரியாது.